மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் பிக்கப்: இன்ஜினில் முதலில் போவது எது?

என்னிடம் இருப்பது 2009 மாடல் டீசல் பிக்கப். 2.5 லிட்டர் காமன் ரெயில் இன்ஜின் ('ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, சிலிண்டரில் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குத் தரும் வகை), டர்போ உண்டு. ஓடோமீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டி நாளாகிறது, பெரும்பாலும் பாரம் ஏற்றித்தான் ஓட்டம். இத்தனை வருடம் ஒரே இன்ஜினோடு இருந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: வயதான இன்ஜினில் பம்ப், டர்போ, பிஸ்டன் போன்ற பெரிய சாமான்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அவற்றை இணைத்து வைத்திருக்கும் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், செம்பு வாஷர், எர்த் வயர் ஆகியவைதான் முதலில் போகின்றன. ஆனால் அறிகுறி மட்டும் பெரிய சாமான் போன மாதிரியே இருக்கும். அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள்.

முதலில் வந்தது காலை ஸ்டார்ட்டிங் பிரச்சினை. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. ரொம்ப நேரம் சுற்றிய பிறகு திக்கித் திக்கி ஸ்டார்ட் ஆகும். அப்புறம் நாள் முழுவதும் ஒரு தொந்தரவும் இருக்காது. இந்த நேரத்தில் சைலன்சரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கையும் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) சந்தேகப்படலாம். ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது சுலபம்: வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால், நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும், செத்த பிளக்கில் இணைப்பே இருக்காது.

என் வண்டியில் புகை வரவில்லை. இந்த வகை இன்ஜினில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது, முன்னால் இருக்கும் பம்ப்தான் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் லைனில் சின்ன விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்ற பிறகு டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் தேவையில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும் கண்ணாடி மாதிரி ஹோஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் போதும். காலையில் பானெட்டைத் திறந்தபோது அந்த ஹோஸ் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் சோடா மாதிரி குமிழ்கள் ஓடின. ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பின் ஓ-ரிங் காய்ந்து தட்டையாகிப் போயிருந்தது. அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. வண்டியின் மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். அப்படி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டால், டீசல் பின்னால் இறங்குகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான நோய் பிற்பாடு வந்தது. காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். சூடாக ஓடி வந்து நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் பிடிக்காது. ஸ்கேனரில் வந்த பழுதுக் கோடு (code) பி0087, அதாவது ரெயில் பிரஷர் குறைவு. பார்த்த ஒர்க்‌ஷாப்பில், "ஹை பிரஷர் பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். கோடு சொல்வது பிரஷர் குறைகிறது என்பதை மட்டும்தான். பம்ப் தரவில்லையா, தந்தது எங்கோ கசிகிறதா என்பதை அது சொல்லாது. பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜின்களில் ரெயில் பிரஷர் சுமார் 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவாவது ஏறினால்தான் இன்ஜெக்டர் திறக்கவே கம்ப்யூட்டர் அனுமதிக்கும். சூடான டீசல் நீர்த்துப் போவதால், தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக ரிட்டர்னுக்கு, அதாவது மிச்ச டீசல் திரும்பிப் போகும் லைனுக்கு, அதிகம் ஓடிவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் பம்பால் அதை ஈடுகட்ட முடியாது.

இதற்குத்தான் ரிட்டர்ன் டெஸ்ட். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நான்கு பாட்டில்களில் தனித்தனியாக விட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் ஓட விட வேண்டும். மூன்று பாட்டில்களில் அடியில் கொஞ்சம்தான் சேர்ந்தது. மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. பம்பைத் தொடவே இல்லை, அந்த இன்ஜெக்டரை மட்டும் மாற்றினோம். மாற்றும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தேன். செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும், அது உட்காரும் இடத்தில் கரி ஒட்டியிருக்கக் கூடாது. பழைய வாஷரையே போட்டால் கம்ப்ரஷன் அதன் ஓரமாகப் புகுந்து, 'டிக் டிக்' சத்தத்தோடு இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாகப் படிந்துவிடும். அப்புறம் அந்த இன்ஜெக்டரைப் பிடுங்குவதே பெரிய வேலை. அடுத்தது, புது இன்ஜெக்டரின் மேல் எழுதியிருக்கும் கோடு எண்ணை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். என் வண்டியில் இது கட்டாயம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. பாரத்தோடு ஓடும்போது உள்ளே 1,600 பார் வரை போகும். ஐட்லிங்கிலும் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டாம்.

வண்டியின் இழுவை குறைந்து, மேட்டில் கறுப்புப் புகை தள்ளியபோதும் டர்போ போய்விட்டது என்றுதான் பலரும் சொன்னார்கள். கோடு பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு. கை வேக்குவம் பம்பை டர்போ ஆக்சுவேட்டரில் (வேக்குவத்தால் கம்பியை நகர்த்தி டர்போவைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாட்டி இழுத்துப் பார்த்தேன். கம்பி முழுதாக நகர்ந்தது, வேக்குவமும் இறங்காமல் நின்றது. அப்படியானால் ஆக்சுவேட்டர் நல்லது, அதற்கு வரும் வேக்குவம்தான் குறைகிறது. வெப்பத்தில் காய்ந்த மெல்லிய ஹோஸ் ஒன்று வளைவில் பிளந்திருந்தது; நேராக இருக்கும்போது விரிசல் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும். இன்டர்கூலர் ஹோஸ் மூட்டு ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது, அங்கேயும் காற்று கசிந்திருக்கிறது. ஹோஸும் கிளாம்ப்பும் மாற்றியதும் பழைய இழுவை திரும்பி வந்தது.

எர்த் வயரையும் விடக்கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் குறை சொல்லும் முன் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் போடுங்கள்.

பெரிய சாமான்கள் போகவே போகாது என்று சொல்லவில்லை. இரண்டு விஷயத்தை நான் விடாமல் கவனிக்கிறேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில், சூடு ஏறும் முன்பே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளுகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் கம்ப்ரஷன் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அந்த அளவில் மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். என் வண்டியில் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்ததால்தான் இதன்மேல் இன்னும் செலவு செய்ய மனம் வருகிறது.

வண்டி நன்றாக ஓடும்போதே ஐட்லிங் ரெயில் பிரஷர், பூஸ்ட், சார்ஜிங் வோல்ட்டேஜ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். நோய் வந்த பிறகு எடுத்த எண்ணை ஒப்பிட வேறு எதுவும் கிடைக்காது. அடுத்த வேலை இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) கரியைச் சுரண்டுவது. உள்ளே பாதி வழி அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை முடித்ததும் நோட்டில் இருக்கும் பூஸ்ட் எண்ணை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.