வகுப்பு தொடங்கும் முன் கோவை வீதிகளைப் படமெடுக்க: செல்போனா, பழைய டிஎஸ்எல்ஆரா, ஃபிலிமா?

ஆகஸ்ட்டில் எனக்கு வகுப்பு தொடங்குகிறது. டிப்ளமோ முடித்து ஒன்பது வருஷமாகக் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. இனி பகலில் கம்பெனி, சாயங்காலம் பகுதிநேர பி.இ. ஏழு செமஸ்டர், மூன்றரை வருஷம். அதற்குள் அகப்படாமல் போகப்போகிற கோயமுத்தூரை, அதாவது விடியக்காலைச் சந்தை, சாயங்கால பஸ் ஸ்டாண்டு, கடை அடைக்கும் நேரத்து ஒப்பணக்கார வீதியை, இந்த மூன்று மாதத்தில் படமாக எடுத்து வைத்துவிட வேண்டும் என்று மே மாதமே முடிவு செய்துவிட்டேன்.

கையில் மூன்று வழி இருந்தது. ஒன்று, தினமும் சட்டைப் பையில் இருக்கிற செல்போன். இரண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி5300 டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா), அதோடு 35 எம்எம் எஃப்1.8 லென்ஸ். மூன்று, கல்யாண வீடுகளில் படமெடுத்துக்கொண்டிருந்த என் மாமா கொடுத்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, 50 எம்எம் லென்ஸோடு. எம்எம் எண் குறையக் குறைய காட்சி அகலமாகும். நிக்கானின் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது என்பதால், அதில் 35 எம்எம் மாட்டினால் கிடைக்கிற பார்வையும் பென்டாக்ஸில் 50 எம்எம் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். என் போனின் மெயின் கேமரா 24 எம்எம் அளவுக்கு அகலம். மூன்றையும் ஒரே இடங்களுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

முதலில் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற பூ மார்க்கெட். காலை ஐந்து மணி. சத்தியமங்கலத்திலிருந்து மல்லி மூட்டை வந்து இறங்கியிருக்கும், சம்பங்கி ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு கடைக்கு மேலேயும் ஒரு எல்இடி பல்ப், மற்ற இடமெல்லாம் இருட்டு. பூ கட்டுகிற ஒரு அக்காவின் கையை எடுக்க உட்கார்ந்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நார் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். போனில் நைட் மோட் வைத்தால் அது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கடை, தராசு, தட்டு எல்லாம் பளிச்சென்று வந்தது. கை மட்டும் மெழுகு உருகியது போல வழிந்துபோனது. நைட் மோடை அணைத்தால் கை நின்றது, ஆனால் பூவின் வெள்ளை வெறும் சுண்ணாம்பாகிவிட்டது, இதழ் தெரியவில்லை. நிக்கானில் லென்ஸ் திறப்பு எஃப்2, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடி. கையும் நின்றது, நாரின் பிசிரும் தெரிந்தது.

அந்த 1/100-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்துவிடும். 1/500-க்கு ஏற்றினால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், சிலதில் குறுக்கே பட்டை. முதல் வாரம் எடுத்த அறுபது படத்தில் பாதி இப்படித்தான் போனது. மார்க்கெட்டில் எடுக்கப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே இதை வைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது படத்தின் தரம் இல்லை. கேமராவைக் கண்டதும் மனுஷர்கள் நடந்துகொள்கிற விதம்தான். போனைத் தூக்கியதும் பக்கத்துக் கடைக்காரர் முகம் திருப்பிக்கொண்டார். "ரீல்ஸுங்களா? நம்ம கடைய விட்டுருங்க தம்பி." அவர் பயம் நியாயம்தான். எவனோ எடுத்த வீடியோ, விலையைப் பற்றி ஏதோ எழுதிப் போட்டு ஊரெல்லாம் சுற்றினால் அடி வாங்குவது அவர். மறுநாள் அதே கடை முன் கேமராவோடு நின்றேன். "எந்தப் பேப்பருங்க?" என்றார். பேப்பர் இல்லைங்கண்ணா, நம்ம ஊரை எடுத்து வைக்கிறேன், ஆகஸ்ட்டில் காலேஜ் போறேன், அப்புறம் வர முடியாது என்றேன். "இந்த வயசுல காலேஜுங்களா! நல்லாப் படிங்க" என்று ஒரு டீயை நீட்டினார். அதற்கப்புறம் அவர் கடையில் நான் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். போன் ஒளித்து எடுக்கிற கருவியாகவும் கேமரா கேட்டு எடுக்கிற கருவியாகவும் அங்கே அர்த்தமாகிறது. கேட்டு எடுத்த படத்தில் கண் நேராகப் பார்க்கிறது. அது எனக்குப் பெரிய விஷயம். பூ கட்டுகிற அந்த அக்காவுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கல்லாப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கணக்கு மாறிவிடுகிறது. சாயங்காலம் ஆறரைக்கு டவுன் பஸ்ஸுக்குள் டி5300-ஐ வெளியே எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர் முழங்கை படும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடி ஜன்னலில் சாரல் வழிய, சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துத் தூங்குகிற மில் வேலைக்காரரின் நிழலுருவம் எனக்குப் போனில்தான் கிடைத்தது. (முகம் தெரிகிற மாதிரி என்றால் எழுப்பிக் கேட்காமல் எடுத்திருக்க மாட்டேன்.) ராஜ வீதி மாதிரி நெருக்கமான இடத்திலும் போனின் அகலம் உதவுகிறது. 1892-இல் கட்டிய டவுன்ஹாலை முழுசாக எடுக்க நிக்கானோடு நான் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன், ஆட்டோ ஹாரன் அடிக்கும் வரை.

பருவத்தையும் பாருங்கள். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திறந்துவிட்டால் கோவைக்குப் பாதி நாள் மேகம்தான். நிழல் மென்மையாகிவிடும், மத்தியானம் பன்னிரண்டுக்கும் முகம் எடுக்கலாம். இந்த வெளிச்சத்தில் போனுக்கும் கேமராவுக்கும் வித்தியாசம் குறைகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் எடுத்துப் பார்த்திருந்தால் என் முடிவு இன்னும் அழுத்தமாக வந்திருக்கும்.

ஃபிலிம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கே1000 அற்புதமான இயந்திரம். 1976-இல் இருந்து 1997 வரை தயாரித்தார்கள். பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், லைட் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. நம்ம மலைக்கு மேல ஊட்டியிலேயே 1960-இல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் போட்ட காலத்தில் மாமா அதில் கறுப்பு வெள்ளை எடுத்திருக்கிறார். இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்து எனக்கு 1,500 ரூபாய் ஆனது. 36 படம். ஒரு கிளிக் நாற்பது ரூபாய்க்கு மேல். காலேஜ் ஃபீஸ் கட்டப் போகிறவன் கற்றுக்கொள்ளும்போதே அந்த விலை கொடுக்க முடியாது. அந்த ஒரு ரோலை முழுக்க அம்மாவுக்கும் வீட்டுக்கும் செலவழித்தேன், அதில் துளியும் வருத்தம் இல்லை.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எனக்கு விற்ற கடைக்காரர் "பத்தாயிரம் கிளிக்தான் ஓடியிருக்கு" என்று சத்தியம் பண்ணினார். வீட்டுக்கு வந்து ஒரு ஜேபெக் படத்துக்குள் கேமரா பதிந்து வைக்கிற எக்ஸிஃப் தகவலைத் திறந்தால் கிளிக் கணக்கு 41,000 சொச்சம். இந்த மாடலின் ஷட்டரை ஒரு லட்சம் கிளிக்குக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது, அதனால் உயிர் போகவில்லை. ஆனால் விலையில் மூவாயிரமாவது குறைத்துக் கேட்டிருப்பேன். கடையிலேயே ஒரு படம் எடுத்து, உங்கள் போனுக்கு மாற்றி, அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். லென்ஸை டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம், நம்ம ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

ஆக, ஆகஸ்ட் வரை எனக்கு நிக்கான்தான். வகுப்பு தொடங்கிய பிறகு புஸ்தகம், டிபன் பாக்ஸ், வரைபடம் போடுகிற டிராஃப்டர் எல்லாம் சுமக்கிற பையில் அதற்கு இடம் இருக்காது. அப்போது போன் போதும், பஸ் ஜன்னலும் காலேஜ் கேன்டீனும் அதற்குள் அடங்கும். ஒன்று மட்டும் அப்போது எதிலும் அகப்படாது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி கூடி செவ்வாய் முழுக்க நடக்கும். வியாபாரிகள் துணி மூட்டை மேலேயே தலை சாய்த்திருக்க, நடுராத்திரியில் பில் புத்தகமும் டார்ச்சுமாகப் பேரம் நடக்கிற இடம் அது. திங்கள் சாயங்காலம் எனக்கு இனி கணக்கு வகுப்பு. மீதி இருப்பது ஐந்து திங்கட்கிழமை. சூப்பர்வைசர் அண்ணனிடம் ஐந்து செவ்வாய்க்கும் இரண்டாம் ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன்.