ஜீன்எக்ஸ்பெர்ட் அல்ட்ரா: 80 நிமிடத்தில் பதில், கேள்விதான் தாமதமாக வருகிறது

ஆய்வகத்தில், சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் இந்தப் பெட்டியோடு பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வேலை எளிது. சளியைப் போல இரண்டு மடங்கு, சளியை இளக்கும் திரவத்தை அதில் ஊற்றி, மூடிக் குலுக்கி, 15 நிமிடம் வைக்க வேண்டும், நடுவில் இன்னொரு குலுக்கல். கயிறு மாதிரி இழுத்த சளி தண்ணீராக இளகியதும் 2 மில்லி உறிஞ்சி கார்ட்ரிட்ஜில் (மெஷினுக்குள் வைக்கும் சின்ன டப்பா) விட்டால் மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். காசநோய்க் கிருமி இருக்கிறதா, அது காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்ற இரண்டு பதிலும் சுமார் 80 நிமிடத்தில் வந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்றால் வாரக்கணக்கு.

நிமோனியா வேஷத்தில் வரும் காசநோயில்தான் இதன் அருமை தெரியும். மாதக்கணக்கில் இருமல், உடல் மெலிவு என்ற பழைய கதையே இருக்காது, சில நாளிலேயே மூச்சு வாங்கி ஆக்ஸிஜனில் படுத்துவிடுவார்கள். அப்படி ஒருவரின் சளி எங்களிடம் வந்தபோது அவருக்குப் பத்து நாளாக நிமோனியா சிகிச்சை நடந்திருந்தது, அதில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் உண்டு. அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும், காய்ச்சல் இறங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள், அப்புறம் மறுபடி ஏறும். மெஷின் அன்றைக்கே சொல்லிவிட்டது. பத்து நாளாக அதை யாரும் கேட்கவில்லை, இதற்கு மெஷினுக்கு மார்க் குறைப்பது நியாயமில்லை.

குறைக்க வேண்டிய இடம் வேறு. தினை அளவுப் புள்ளிகளாக நுரையீரல் முழுக்கத் தூவிவிட்டது போல வரும் மிலியரி வகைக் காசநோயில் சளியில் கிருமி மிகக் குறைவாக இருக்கலாம். ஸ்மியரில் (சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) சிக்காததைக்கூட அல்ட்ரா பிடிக்கும், உண்மைதான், ஆனாலும் ‘இல்லை’ என்று வந்ததை நம்பிக் கோப்பை மூடினால் ஆபத்து. சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீர் என்று தேடிப் போக வேண்டும். (சளி என்று எழுதி எச்சிலைத் துப்பி அனுப்பினால் எந்த மெஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் ஆழமாக இருமி எடுத்துக் கொடுங்கள்.)

இன்னொன்று, ‘ட்ரேஸ்’ என்று வரும் பதில். கிருமியின் சுவடு இருக்கிறது, ரிஃபாம்பிசின் பற்றிச் சொல்ல முடியாது என்று அர்த்தம். முன்பே காசநோய் வந்து குணமானவர் என்றால் அது செத்த கிருமியின் டி.என்.ஏ.வாகவும் இருக்கலாம். அதனால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதையே திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள், அதற்கு ஸ்மியரும் கல்ச்சரும் இருக்கின்றன.