சென்னையிலிருந்து ஏரிக்கரைப் பயணம்: வேடந்தாங்கலா, பழவேற்காடா, ஏலகிரியா?

எந்த ஏரிக்குப் போகலாம் என்று யார் கேட்டாலும், எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருப்பவை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்து, டிசம்பருக்குள் தண்ணீர் ஏறினால்தான் பறவை தங்கும். மே மாத விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போய், காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டு, "அங்கே ஒண்ணுமே இல்லப்பா" என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய பேர். குறை ஏரியில் இல்லை, காலண்டரில்.

அடுத்த கேள்வி, வண்டியில் யார் யார் வருகிறார்கள் என்பது. மூட்டு வலிக்கார மாமியாரும் மூன்று வயதுக் குழந்தையும் வருகிற பயணம் வேறு. போனை விட்டுத் தலை நிமிராத எட்டாம் வகுப்புப் பையனோடு போகிற பயணம் வேறு. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆனது போலத்தான்.

முட்டுக்காடு, செம்பரம்பாக்கம் இரண்டையும் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. முட்டுக்காடு மாலையில் கிளம்பிப் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம். செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி, கரையில் நின்று காற்று வாங்கலாம், அவ்வளவுதான்.

வேடந்தாங்கல்: நோகாமல் போய்வர

சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள். ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே போகிற கிராமத்துச் சாலை கொண்டுபோய் விட்டுவிடும். ஏரி சிறியது, சுமார் 30 ஹெக்டேர். அந்தச் சிறுமைதான் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வசதி. தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் கூடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஏரிக்கரை மேலேயே நடந்து போய்ப் பார்க்கலாம். நடக்க முடியாதவர்கள் மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் தலைக்கு மேலே போய்வரும். பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது சின்னப் பிள்ளைகளுக்கு முக்கியம். அவர்களுடைய பொறுமை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்த ஊரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குப் பல தலைமுறையாகத் தெரியும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை வாங்கியவர்கள் இவர்கள். தீபாவளிக்கு இங்கே பட்டாசு வெடிப்பதில்லை. அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்ததெல்லாம் அப்புறம் வந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் 2022-இல் இடம் கிடைத்தது.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளலாம். இங்கே பார்க்கிற எல்லாப் பறவையும் சைபீரியாவிலிருந்து வந்தது என்று பலரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகள்தான். வடக்கே வெகு தொலைவிலிருந்து குளிருக்கு வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று, இளைப்பாறி, திரும்பிவிடும். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பத்து கிலோமீட்டர் வாக்கில் இருக்கிற கரிக்கிலிக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே கூட்டமும் குறைவு.

ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் குஞ்சுகள் வளர்ந்திருக்கும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுக்குள் தலையையே விட்டு மீன் எடுக்கிற காட்சியைப் பார்த்த பிள்ளை அதை லேசில் மறக்காது. மாலை நாலு மணிக்கு மேல் போனால் இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பிவரும். நாள் முழுக்கப் பார்த்ததை விட அந்த இரண்டு மணி நேரம் சிறப்பு. சிக்கலும் அதில்தான். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வேடந்தாங்கலை விட்டுக் கிளம்பினால், பரனூர் சுங்கச்சாவடியும் பெருங்களத்தூரும் உங்களுக்காகக் காத்திருக்கும். தென்மாவட்டங்களிலிருந்து திரும்புகிற வண்டிகள் மொத்தமும் அதே சாலையில்தான். முடிந்தால் சனிக்கிழமை போங்கள்.

பழவேற்காடு: ஒரே ஏரி, இரண்டு வாசல்

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள்.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். தெற்கு முனை மட்டும் நம் பக்கம். பொன்னேரி வழியாக அறுபது கிலோமீட்டர் போய்ப் பழவேற்காடு ஊரை அடைகிறவர்கள், வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கிற கேள்வி, "ஃபிளமிங்கோ எங்கே?" அதாவது பூநாரை. அது பெரும்பாலும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. அந்த ஏமாற்றத்தில் அடுத்த கேள்வி வரும்: படகில் போகலாமா?

போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. "சும்மா அந்த முகத்துவாரம் வரைக்கும்தான் சார்" என்று யாராவது மீன்பிடிப் படகைக் காட்டினால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில் குழந்தையை ஏற்றுவது எந்த ஏரியிலும் சரியில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் எப்போது இழுக்கும் என்று மீனவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

அப்படியானால் பழவேற்காடு ஊரில் என்னதான் இருக்கிறது? வரலாறு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். கோட்டையில் இப்போது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? கல்லறை மூடுகற்களில் உள்ள எழுத்து வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போகும். ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடைகிற பெட்டிகள் அழகாக இருக்கும். பேரம் பேசாமல் வாங்குங்கள். நண்டும் இறாலும் வாங்கப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு போகவும்.

பூநாரைதான் வேண்டும் என்றால் ஆந்திர வாசலுக்குப் போக வேண்டும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா தாண்டி சூலூர்பேட்டை, சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அங்கே கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரியின் குறுக்காகவே போகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். ஜனவரி, பிப்ரவரியில் பூநாரைகள் சாலையிலிருந்தே தெரியும் தூரத்தில் தலைகீழாக அலகை நீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருக்கும். காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். படகும் வேண்டாம், நடையும் வேண்டாம். காலையில் போகும்போது சூரியன் எதிரே அடிக்கும். படம் எடுக்கிறவர்கள் திரும்பி வருகிற வழியில் எடுத்தால் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்.

சாலை முடிகிற இடத்தில் இஸ்ரோ வாசல். உள்ளே விடமாட்டார்கள், திரும்பிவிட வேண்டியதுதான். ஆனால் ராக்கெட் ஏவுகிற நாளோடு பயணத்தைப் பொருத்த முடிந்தால், 2019-இல் திறந்த பார்வையாளர் மாடத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போகலாம். போனைக் கீழே வைக்காத அந்த எட்டாம் வகுப்புப் பையன் இதற்கு மட்டும் தானாகவே அதிகாலையில் எழுந்து நிற்பான். அன்றைக்குச் சாலையில் நெரிசலும் சோதனையும் இருக்கும் என்பதால் பறவை பார்க்கிற திட்டத்தை அதே நாளில் வைக்காதீர்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் சூலூர்பேட்டைக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் வாக்கில் நேலப்பட்டு சரணாலயம். கூழைக்கடாக்கள் கூடு கட்டுகிற இடம். வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு இது கட்டாயமில்லை.

இந்த வழியின் பெரிய குறை கழிவறை. ஏரிச் சாலையில் நிழலும் கிடையாது, ஒதுங்க இடமும் கிடையாது. சூலூர்பேட்டையில் டிபன் சாப்பிடுகிற ஓட்டலிலேயே எல்லோரையும் போய்விட்டு வரச் சொல்லிவிடுங்கள். பதினோரு மணிக்கு மேல் வெயிலும் தாங்காது. காலை ஏழு மணிக்குச் சாலையில் இருந்து, பத்தரைக்கு முடித்து, ஆந்திரச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பதுதான் சரியான கணக்கு.

ஏலகிரி: ஏரிக்காக மட்டும் என்றால் வேண்டாம்

புங்கனூர் ஏரி அழகாகத்தான் இருக்கிறது. செயற்கை ஏரி, சுற்றிப் பூங்கா, மிதிபடகு, துடுப்புப் படகு, உயிர்காப்பு உடை எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு மணி நேரப் படகுக்காக 220 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போவதா? அன்றே திரும்புகிற எண்ணம் இருந்தால் ஏலகிரியை விட்டுவிடுங்கள்.

ஓர் இரவு தங்கினால் கதை வேறு. சுமார் 1,100 மீட்டர் உயரம். ஊட்டிக் குளிர் இல்லாவிட்டாலும் ஏப்ரல், மே மாதங்களில் சென்னையை விட்டுத் தப்பித்து வந்த நிம்மதி இருக்கும். மற்ற இரண்டும் வறண்டு கிடக்கிற மாதங்களில் கை கொடுப்பது இது ஒன்றுதான். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறோம் என்பதால் ஆம்பூர் பிரியாணி வழியிலேயே வரும். சைவக் குடும்பங்கள் மன்னிக்கவும். மலை ஏறுகிற சாலை தொடங்குகிற ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பெயர், பழவேற்காட்டுப் பொன்னேரியோடு குழப்பிக்கொண்டு மேப்பில் போட்டுவிடாதீர்கள். அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் பிரியாணியை இறங்கி வரும்போது வாங்கிக் கொடுங்கள், ஏறும்போது வேண்டாம்.

செலவிலும் ஏலகிரிதான் மேலே நிற்கும். மற்ற இரண்டிலும் பெட்ரோல், சுங்கம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு என்று ஒரு நாளில் முடியும். இங்கே அறை வாடகை வந்து சேர்கிறது. நீண்ட வார விடுமுறையில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பூண்டி

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இது போதும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-இல் முடித்த நீர்த்தேக்கம். அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயர்தான் அதற்கு. படகு இல்லை, பெரிய பூங்கா இல்லை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் தண்ணீர் விரிந்து கிடக்கும். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எட்டு வயதாவது ஆகியிருந்தால் ரசிப்பார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

கைக்குழந்தையும் பெரியவர்களும் ஒரே வண்டியில் வருகிறார்கள், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேடந்தாங்கல். அதைப் பார்த்தாகிவிட்டது, பிள்ளைகளும் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள் என்றால் சூலூர்பேட்டை வழியாகப் பழவேற்காடு. என் சொந்த ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் காருக்குள் உட்கார்ந்தே இத்தனை பூநாரை பார்க்கிற இடம் நம் பக்கத்தில் வேறு இல்லை. கோடை விடுமுறை, இரண்டு நாள் கையில் இருக்கிறது என்றால் ஏலகிரி. மழை பொய்த்த வருடம் என்றால் வேடந்தாங்கலைப் பற்றி வனத்துறையிடமோ ஊரில் தெரிந்தவர்களிடமோ ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காணும் பொங்கலன்று மட்டும் இவற்றில் எதற்கும் போக வேண்டாம். அன்றைக்குச் சென்னையில் பாதிப் பேருக்கு இதே யோசனை வந்திருக்கும்.