வன்னி ஈரலிப்பில் ஒரு மார்ட்டின் 00-18

சிறிய உடலமைப்பும் பெரிய விலையும் கொண்ட அக்கூஸ்டிக் கிற்றார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடிக்கொண்டே விரல்களால் வாசிப்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் வன்னியில் அதைப் பேணும் வேலை, ஐப்பசி முதல் தை வரையிலாவது, அன்றாட வேலையாகவே இருக்கும். ரொறன்ரோவில் வசிக்கும் என் அக்காவின் தயவால் கிளிநொச்சிக்கு வந்துசேர்ந்த மார்ட்டின் 00-18 கிற்றாரைக் கோடையிலும் மாரியிலும் வாசித்துப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

மார்ட்டின் நிறுவனம் 1833 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றும் அங்கேயே இயங்கி வருகிறது. பெயரில் உள்ள 00 உடலின் அளவையும், 18 மரத்தையும் அலங்காரத்தையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்த அளவு பெரிய கிற்றாராகவே கருதப்பட்டது. 1931 இல் மார்ட்டின் தன் பெயரில் ட்ரெட்நோட் வகையை வெளியிட்ட பின்னர், கடைகளிலும் மேடைகளிலும் அந்தப் பெரிய உருவமே வழக்கமாகிவிட, 00 சிறியது என்ற பெயரைப் பெற்றது. ட்ரெட்நோட் அதன் அகன்ற பகுதியில் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். 00 சுமார் 36 சென்ரிமீற்றர் மட்டுமே. உடலின் தடிப்பும் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் குறைவு.

எண்ணிக்கையில் அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசம் மடியில் வைத்த கணத்தில் தெரிந்துவிடுகிறது. எங்கள் வீடுகளிலும் ஆலய மண்டபங்களிலும் உள்ளவை பெரும்பாலும் கைபிடி வைத்த பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றில் அமர்ந்து ட்ரெட்நோட் வாசிப்பவர் தோளை உயர்த்தி, உடலைத் திருப்பி, அரை மணித்தியாலத்தில் களைத்துவிடுவார். 00 கதிரையின் கைபிடிகளுக்கிடையே அடங்கி அமர்கிறது. பாயில் சப்பாணி கட்டி இருந்தும் வாசிக்கலாம். வலக்கை தந்திகளின் மேல் இயல்பாக விழுகிறது. பின்பலகையின் அதிர்வு விலா எலும்பில் தெரிகிறது.

முகப்பலகை சிற்கா ஸ்பிரூஸ் என்ற ஊசியிலை மரம், பின்பலகையும் பக்கங்களும் மகோகனி. எல்லாமே ஒட்டுப்பலகையல்லாத முழுமரம். விரற்பலகை கருங்காலி. அந்த மரம் நமது வன்னிக் காடுகளிலும் உண்டு என்றாலும், கிற்றார்த் தொழிலுக்கு அது பெரும்பாலும் மத்திய ஆபிரிக்காவிலிருந்தே போகிறது. முதிரையையும் பாலையையும் இழைத்துப் பழகிய தச்சர் ஒருவர் இந்தக் கிற்றாரைக் கையில் வாங்கியதும், முகப்பலகையின் நேரான, நெருங்கிய இரேகைகளை நகத்தால் தொட்டுப் பார்த்து, இவ்வளவு மெல்லிய பலகை இத்தனை தந்திகளின் இழுவையை எப்படித் தாங்குகிறது என்று வியந்தார். உள்ளே குறுக்காக ஒட்டப்பட்டுள்ள எக்ஸ் வடிவச் சட்டங்களே அதைத் தாங்குகின்றன. அவற்றின் நடுப்பகுதியைக் குடைந்து மெலிதாக்கியிருப்பதால்தான் மெதுவாகத் தொட்டாலும் பலகை பேசுகிறது.

ஒலியைப் பற்றிச் சொல்வதானால், ஆறு தந்திகளும் ஆறு தனிக்குரல்களாகக் கேட்கின்றன என்பதே இதன் முதற்சிறப்பு. பெருவிரல் கீழ்ச்சுரங்களில் நடந்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே பாட்டின் மெட்டை எடுக்கும்போது, ஒன்று மற்றொன்றை மூடுவதில்லை. மகோகனியின் ஒலி நீண்டு எதிரொலிக்காமல், சுரத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதால் பாடுபவரின் குரலுக்கு இடம் கிடைக்கிறது. தாழ்ந்த குரலில் பாடும் ஒருவருக்குப் பின்னால் ட்ரெட்நோட்டை அடக்கி வாசிப்பது பெரும் சிரமம். இதற்கு அந்த அடக்கம் இயல்பிலேயே இருக்கிறது. தந்தியின் நீளமும் சற்றுக் குறைவு, 632 மில்லிமீற்றர். அதனால் இழுவை தளர்ந்து, கமகத்துக்கு வசதி ஏற்படுகிறது. கல்யாணியின் காந்தாரத்தை ரிஷபத்திலிருந்து தந்தியை இழுத்தே எடுக்கலாம். விரல் நுனி வலித்தாலும் சுரம் உடையாமல் ஏறுகிறது.

குறையையும் அதே அளவு தெளிவாகச் சொல்லவேண்டும். திருவிழாத் திருப்பலியில் கீபோர்டும் டோல்கியும் முழுப் பாடகர் குழுவும் சேர்ந்தால் 00 காணாமற்போய்விடும். பிக் என்ற சிறு தகட்டைக் கொண்டு பலமாக அடித்தால் ஒலி பெருகாது, நெரிபடும். அடிவயிற்றில் தட்டும் கீழ்ச்சுரம் வேண்டுபவர்கள் இதை நாடவே கூடாது.

இனி ஈரப்பதன். இந்தக் கிற்றாருடன் வந்த அறிவுரைகளும், இணையத்தில் படித்தவற்றிற் பெரும்பாலானவையும், மரம் காய்ந்து வெடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைக்கச் சொல்கின்றன. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் நாடுகளுக்கு அது சரியான அறிவுரை. வன்னியில் அதைப் பின்பற்றினால் கிற்றார் கெடும். இத்தகைய கிற்றாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதன் உகந்தது. சோளகக் காற்று வீசும் கோடைப் பிற்பகலில் ஒருவேளை அதை நெருங்கலாமே தவிர, வாடைக்காற்றுடன் மழை இறங்கிவிட்டால் என் அறையின் ஈரப்பதமானி 85இலிருந்து அசைவதேயில்லை. மாரியில் கதவு நிலையோடு இறுகுவதுபோல முகப்பலகையும் ஈரத்தைக் குடித்து ஊதி, தந்திகள் பூட்டப்பட்டுள்ள பிரிட்ஜின் பின்புறம் வயிறு வைக்கிறது. விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளான பிரெட்டுகளில் பன்னிரண்டாவதில் இரண்டரை மில்லிமீற்றராக இருந்த தந்தியின் உயரம் மூன்றைத் தாண்டுகிறது. ஒலியும் கம்பளி போர்த்தியதாக மாறிவிடுகிறது. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்து, நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் வைப்பதே எனக்குக் கைகொடுத்த வழி. ஈரம் கூடினால் உறிஞ்சியும் குறைந்தால் வெளியிட்டும் சமப்படுத்தும் பொதிகள் நல்லவைதான். ஆனால் எங்கள் மாரியில் அவை விரைவில் நிரம்பிவிடுவதால் செலவு கட்டாது.

பெட்டியை ஒருபோதும் நிலத்திலோ சுவரோடு சாய்த்தோ வைக்காதீர்கள். சுவர் ஈரத்தை ஏற்றும். நிலத்தில் கறையான் ஏறும், அதற்கு நாசரேத்தில் செய்த மரமென்றும் மாங்குளத்தில் வெட்டிய மரமென்றும் பேதமில்லை. ஏ9 வீதியில் நடுப்பகலில் நிறுத்திய வானுக்குள் விட்டுச்செல்வதும் ஆகாது. அந்த வெப்பத்தில் பசை இளகி பிரிட்ஜ் மெல்ல எழும்பத் தொடங்கும்.

தந்திகளில் பூச்சிட்ட பொஸ்பர் புரொன்ஸ் வகையையே பரிந்துரைப்பேன். வியர்வையும் ஈரமும் சாதாரணத் தந்தியை மிக விரைவில் கறுக்கச் செய்துவிடுகின்றன. விலை கூடுதலானாலும் நின்று உழைக்கும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் எடுப்பிப்பவர்கள் மரங்களின் வர்த்தகம் பற்றிய சட்டவிதிகளுக்கு அஞ்சுவதுண்டு. 2017 இல் கிற்றார்களுக்குப் பயன்படும் ரோஸ்வூட் மர இனங்கள் முழுவதற்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபோது அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2019 இன் இறுதியில் முழுமைபெற்ற இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. 1992 முதல் கடுமையாகத் தடுக்கப்பட்டுள்ள பிரேசில் ரோஸ்வூட் மட்டும் அந்த விலக்கில் சேராது. மகோகனியாலான 00-18க்கு இந்தத் தொல்லை இல்லை.

பாடசாலைக்கோ பாடகர் குழுவுக்கோ, பலர் கைமாறி வாசிக்கும் கிற்றார் தேவையென்றால், இதை வாங்கவேண்டாம். அதே நிறுவனத்தின் எக்ஸ் வரிசை, அழுத்திச் செய்த செயற்கைப் பலகையால் ஆனது. ஒலியில் இந்த நுட்பம் இராது, ஆனால் மாரி அதை அவ்வளவாக அசைக்காது, விலையும் பலமடங்கு குறைவு. தனக்கென்று ஒரு கிற்றார், தன் குரலுக்கென்று ஒரு துணை என்று தேடுபவருக்கு மட்டுமே 00-18ஐச் சொல்வேன். அவர்களுக்கு மனம் நிறைந்து சொல்வேன்.

வாங்கி அனுப்புபவரிடம் கூடவே ஒரு வேண்டுகோள் விடுங்கள். கிற்றாரை எடுக்கும் கடையிலேயே எலும்பினாலான இரண்டாவது சேடில் (பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் துண்டு) ஒன்றை, முதலாவதைவிட ஒரு மில்லிமீற்றர் தாழ்வாக இழைத்து வாங்கி, நெக்கைத் திருத்தும் சாவியுடன் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். நம்பி ஒப்படைக்கக்கூடிய திருத்துநரை நான் கொழும்பில்தான் கண்டேன். மழைக்காலத்தில் தாழ்ந்த சேடிலையும் கோடையில் உயர்ந்ததையும் மாற்றிப் போட்டால், தந்தி உயர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போகவேண்டியிராது.