பழைய கிரீஸ் கறைக்கு மண்ணெண்ணெயா, பாத்திர சோப்பா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை (பாமாயில்) ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் கிரீஸ் கறைக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கே பார்த்துவிட்டால் முகப்பவுடரைத் தூவி வைத்தாலே பாதி எண்ணெயை இழுத்துவிடும். ஊறி இறுகிய பழைய கறையிடம் அது செல்லாது. சோப்புத்தூளில் இருக்கும் என்சைமும் சமையல் எண்ணெயோடு சரி, வண்டி கிரீஸை ஒன்றும் செய்யாது. மிச்சம் இரண்டுதான்: மண்ணெண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம்.

வேகம் என்றால் மண்ணெண்ணெய்தான். கிரீஸில் இருப்பதும் பெட்ரோலிய எண்ணெய்தானே, இனம் இனத்தோடு சேர்ந்து கரைந்துவிடும். சரி, அப்புறம்? வாடை போகிற வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும், வாளியும் சேர்ந்து நாறும், அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. டவுனில் காசு போட்டு ஓட்டும் டோபியின் (சலவைக் கடையின்) டிரையரிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும். அடைமழை நாளில் டிரையரை நம்பியே சீருடை காயவைக்கும் எங்களுக்கு இது ஒன்றே போதும்.

அதனால் நான் பாத்திர சோப்புப் பக்கம். துணியை நனைக்காமல், காய்ந்த கறைமேலேயே ஊற்றுங்கள். முதலில் நனைத்தால் சோப்பு நீர்த்துப்போகும். அடியில் ஒரு கந்தலை விரித்து, பழைய பல் பிரஷால் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் மெதுவாகத் தேயுங்கள். நுரை சாம்பல் நிறமாகத் திரண்டு வரும். அரை மணி நேரம் ஊறவிட்டு, துணி தாங்கும் சூட்டில் வெந்நீர் விட்டு அலசுங்கள்.

ஈரத்தில் எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியாது, போய்விட்டது போலவே இருக்கும். கொடியில் காயவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல் தட்டினால் மறுபடியும் சோப்பு. அதற்குள் இஸ்திரிப் பெட்டியோ டிரையரோ பட்டால் மிச்ச எண்ணெய் இறுகிவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு.

ஆலையில் தெறிக்கும் கச்சா செம்பனை எண்ணெய் வேறு ரகம். அதன் ஆரஞ்சு நிறம் கரோட்டினால் வருவது, வெயில் பட்டால் வெளுத்துவிடும். எண்ணெய் மட்டும் அங்கேயே இருக்கும். செம்பனை எண்ணெய் முழுக்க உருக ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும் என்பதால் பச்சைத் தண்ணீரில் அலசிப் பயனில்லை.

தடித்த ஜீன்ஸில் கருப்பு அப்பிக்கொண்டிருந்தால் மட்டும் வாசலில் வைத்து மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிட்டு சோப்புக்கு வருவேன். அதிலும் கரி போல லேசாகக் கொஞ்சம் தங்கத்தான் செய்கிறது. பட்டுப் புடவையில் நான் எதையும் போட்டுப் பார்த்ததில்லை; அதை டோபிக்காரரிடமே கொடுத்துவிடுவேன்.