போகிமான் ரசிகர் கோட்பாடுகள்: நெடுங்காலப் பயன்பாட்டில் எவை தாங்கின?

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக ரெட், கிரீன் என்று இரண்டு பதிப்புகளாக வெளிவந்த, போகிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் போகிமான் விளையாட்டைச் சுற்றி ரசிகர்கள் கட்டியெழுப்பிய ஊகங்கள், இன்று தனியொரு வாசிப்பு மரபாகவே வளர்ந்து நிற்கின்றன. முதல் தலைமுறை எனப்படும் இந்தத் தொடக்கப் பதிப்புகளில் தொடங்கி அடுத்தடுத்த பதிப்புகளைப் பல ஆண்டுகளாக விளையாடிவரும் நான், இந்த ஊகங்கள் ஒவ்வொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தந்த ஊருக்குத் திரும்பச் சென்று, அங்குள்ளவர்களிடம் மீண்டும் பேசி, சுவரில் மாட்டியிருப்பதையும் மேசையில் கிடப்பதையும் படித்துப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பயன்படுத்தியதில் எவை தாங்கின, எவை உதிர்ந்தன என்பதே இந்தப் பகிர்வு. என் அளவுகோல் எளியது: ஓர் ஊகத்தைத் தெரிந்துகொண்ட பிறகு விளையாட்டை முன்னிலும் கூர்ந்து பார்க்கத் தோன்ற வேண்டும்.

ஊகங்கள் முதல் தலைமுறையைச் சுற்றியே அடர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளிகள்; நிறம் என்று சொல்ல நான்கு சாயல்கள்; விளையாட்டு முழுவதும் அடங்கியிருந்த நினைவகமோ ஒரு மெகாபைட்டைத் தாண்டாதது. நீண்ட வசனங்களுக்கு இடமில்லாத அந்த நெருக்கடியில், கதையைத் துணுக்குகளாக உடைத்து ஊருக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு விளையாடுபவருடையது.

இந்தச் சேர்த்துப் படித்தலில் எனக்கு மிகவும் பயன்பட்டது மிஸ்டர் ஃபூஜியைப் பற்றிய ஊகம். லாவெண்டர் டவுனில் வாழும் இந்த முதியவர், கைவிடப்பட்ட போகிமான்களையும் தாயை இழந்த குட்டிகளையும் தம் வீட்டில் வைத்து வளர்க்கிறார். அவ்வூரில் இறந்த போகிமான்களின் கல்லறையாக நிற்கும் போகிமான் கோபுரத்தின் உச்சியில், ராக்கெட் என்னும் குற்றக் கும்பலிடம் சிக்கியிருக்கும் அவரை நாம் மீட்கிறோம். அவர் போகி புல்லாங்குழலைத் தருகிறார். கதை அவரை அத்துடன் விட்டுவிடுகிறது. வெகுதூரம் கடந்து சின்னபார் தீவுக்குப் போனால், அங்குள்ள ஆய்வகத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது: ஆய்வகத்தை நிறுவிய டாக்டர் ஃபூஜியின் படம். அதே தீவில் பாழடைந்த போகிமான் மாளிகை ஒன்றும், அதனுள் ஆங்காங்கே நாட்குறிப்புகளும் கிடக்கின்றன. ஜூலை 5, தென் அமெரிக்காவின் கயானாவில் அடர்ந்த காட்டுக்குள் புதிய போகிமான் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஜூலை 10, அதற்கு மியூ என்று பெயரிடப்பட்டது. பிப்ரவரி 6, மியூ ஈன்ற குட்டிக்கு மியூட்டூ என்று பெயர். செப்டம்பர் 1, மியூட்டூவின் ஆற்றல் எல்லை மீறிவிட்டது. அதன் கொடிய இயல்பை அடக்க முடியவில்லை. எழுதியவர் யார் என்பது எங்கும் குறிக்கப்படவில்லை.

மியூட்டூவை உருவாக்கிய குற்றவுணர்வால் ஆய்வைத் துறந்து, அநாதைப் போகிமான்களை வளர்ப்பதில் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிடும் மனிதரே லாவெண்டர் டவுன் ஃபூஜி என்பது ரசிகர்களின் ஊகம். 1998-இல் வந்த முதல் திரைப்படத்திலும் மியூட்டூவை உருவாக்கும் அறிவியலாளருக்கு ஃபூஜி என்றே பெயர் என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்தச் சான்று அல்ல, விளையாட்டின் வரிசைதான். நாம் முதலில் சந்திப்பது கருணையுள்ள முதியவரை. நாட்குறிப்புகள் பிறகுதான் கிடைக்கின்றன. செருலியன் குகையில் மியூட்டூவை எதிர்கொள்வதோ எல்லாவற்றுக்கும் இறுதியில். மறுமுறை ஆடும்போது அவருடைய வீட்டிலுள்ள ஒவ்வொரு குட்டியும் வேறு பொருள் கொள்கிறது. ஒரு கதாபாத்திரத்தின் கடந்த காலத்தை அவருடைய வாயால் சொல்ல வைக்காமல், அவர் விட்டுவந்த இடத்தில் வைத்துச் சொல்லும் இந்த உத்தி, பிற்காலத்தில் பெரிய நினைவகமும் நீண்ட வசனங்களும் கொண்டு வந்த பதிப்புகள் பலவற்றில் கூட இவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை என்பது என் உறுதியான கருத்து.

டிட்டோ என்னும் போகிமான், மியூவைப் படியெடுக்கும் முயற்சியில் தோற்றுப்போன உயிர் என்ற ஊகம் இதே வேரிலிருந்து கிளைத்தது. இரண்டும் இளஞ்சிவப்பு, இரண்டின் எடையும் 4.0 கிலோ, முதல் தலைமுறையில் உருமாற்றம் என்னும் ஆற்றலை இயல்பாகக் கற்பவை இவை இரண்டுமே, அரிதாகத் தோன்றும் மாற்று நிறத்திலும் இரண்டும் நீலமாகின்றன, மியூட்டூ வாழும் செருலியன் குகையிலேயே டிட்டோவையும் பிடிக்கலாம். மறுப்பவர்கள், டிட்டோ 13, 14, 15 ஆம் பாதைகளின் சாதாரணப் புல்வெளியிலும் கிடைக்கிறதே என்பார்கள். நியாயமான மறுப்புதான். இருந்தாலும், மியூட்டூ பல ஆண்டுகள் நடந்த கொடூரமான மரபணுச் சோதனைகளின் விளைவு என்று, விளையாட்டிலுள்ள போகிமான் தகவல் தொகுப்பான போகிடெக்ஸ் சொல்வதைப் படித்த பிறகு, அந்தப் பல ஆண்டுகளின் தோல்விகள் எங்கே போயின என்ற கேள்வி எழாமல் இருக்காது. டிட்டோ ஊகத்தின் உயிர் எடைப் பொருத்தத்தில் இல்லை, இந்தக் கேள்வியில் இருக்கிறது.

கியூபோன் என்னும் சிறு போகிமானைப் பற்றிய ஊகம் எனக்கு நேரெதிரான அனுபவத்தைத் தந்தது. தாயின் மண்டையோட்டை அணிந்திருக்கும் கியூபோன் உண்மையில் தாயை இழந்த, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் கங்காஸ்கான் என்னும் வேறொரு போகிமானின் குட்டி என்று வாதிடுகிறார்கள். தோற்ற ஒற்றுமை கொஞ்சம் உண்டு. ஆனால் லாவெண்டர் கோபுரத்தில் நாம் ஆவிகளை அடையாளம் காட்டும் சில்ஃப் ஸ்கோப் கருவியின் துணையோடு காணும் ஆவி, ராக்கெட் கும்பலிடமிருந்து தப்ப முயன்று கொல்லப்பட்ட ஒரு மரோவாக், அதாவது கியூபோனின் வளர்ந்த வடிவம். அதுவே அந்தக் குட்டியின் தாய் என்று விளையாட்டு தெளிவாகச் சொல்கிறது. 2013-இல் எக்ஸ், ஒய் பதிப்புகளில் கங்காஸ்கானின் ஆற்றல் கூடிய வடிவமான மெகா கங்காஸ்கானின் குட்டி பையிலிருந்து வெளியே வந்தபோதும் அதில் கியூபோனின் சாயலைக் காணோம். கண்முன் ஒரு தாயின் இறப்பு இவ்வளவு துயரத்தோடு எழுதப்பட்டிருக்க, அதை மறைக்கும் இன்னொரு தாயைத் தேடிப்போவது ஏன் என்று நான் வருந்தியதுண்டு.

விளையாட்டு நெடுகிலும் நம்மோடு போட்டியிடும் எதிராளியின் ரட்டிகேட் என்னும் போகிமான் இறந்துவிட்டது என்ற ஊகமும் இந்தக் கோபுரத்தில்தான் நிகழ்கிறது. எஸ்.எஸ். ஆன் கப்பலில் நாம் மோதும்போது அவனிடம் ரட்டிகேட் உண்டு. கோபுரத்தில் சந்திக்கும்போது இல்லை. உன் போகிமான்கள் செத்தவையாகத் தெரியவில்லையே, இங்கே உனக்கு என்ன வேலை என்று நம்மைக் கேட்கிறான். இறுதிச் சடங்குக்கு வந்தவனின் கசப்பாக இதைப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் மோதல் முடிந்ததும் அவன், இப்போதுதான் ஒரு கியூபோனைப் பிடித்தேன், வளர்ந்த மரோவாக்கைத்தான் காணவில்லை என்று உற்சாகமாகப் பேசுகிறான். ஒவ்வொரு மோதலுக்கும் எதிராளியின் அணி தனித்தனிப் பட்டியலாக எழுதப்பட்டிருப்பதால், ஒரு பெயர் விடுபட்டதற்கு அந்த அமைப்பே போதிய விளக்கமாகிறது. ஆகவே நான் இதை நம்பவில்லை. எனினும் அந்த முதல் வசனத்தை இனி ஒருபோதும் வெறும் சீண்டலாகக் கேட்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கெங்கார் என்பது கிளெஃபேபிளின் நிழல், பட்டர்ஃப்ரீயும் வெனோமாத்தும் தவறுதலாக இடம் மாறியவை என்பன போன்ற ஊகங்கள் உருவ ஒற்றுமையைத் தாண்டிச் செல்வதில்லை. ஒருமுறை பார்த்து வியக்கலாம், அவ்வளவே.

வெர்மிலியன் துறைமுகத்தில் நிற்கும் சரக்கு வண்டியின் அடியில் மியூ இருக்கிறது என்ற வதந்தி வேறு வகை. அது சோதித்துப் பார்க்கக்கூடியது. எஸ்.எஸ். ஆன் கப்பல் புறப்பட்டுவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்ப வழியில்லை என்பதால், பலர் சுற்று வழிகளைக் கையாண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வண்டியின் அடியில் எதுவும் இல்லை. உண்மையான மியூவின் வரலாறு இதைவிடச் சுவையானது. நிரலைச் சோதிக்கும் கருவிகளை நீக்கியதால் நினைவகத்தில் கிடைத்த சிறு இடத்தில், வெளியீட்டுக்குச் சற்று முன்பு நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ மியூவைச் சேர்த்தார். 1996-இல் கோரோகோரோ இதழ் நடத்திய முதல் குலுக்கலில் 20 பேருக்கு மட்டுமே அது வழங்கப்பட்டது. 2004-இல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன் மறு ஆக்கங்களில் அந்த வண்டியருகே லாவா குக்கீ என்னும் தின்பண்டம் ஒன்றை வைத்தார்கள். தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எண்ணிய அந்தப் பரிவு என்னை மகிழ்வித்தது.

லாவெண்டர் டவுனின் இசை குழந்தைகளின் உயிரைப் பறித்தது என்று 2010-ஐ ஒட்டிப் பரவிய கதையை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். அது திகிலுக்காகப் புனையப்பட்டது. 1997 டிசம்பரில் போகிமான் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில் மின்னிய ஒளியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது உண்மை நிகழ்வு. அதையும் இதையும் கலந்து பேசுவது உண்மையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஜூனிச்சி மசூடாவின் அந்த இசை தன்னளவிலேயே போதுமான அச்சத்தைத் தருகிறது.

மின்சாரப் போகிமான்களே போரில் தம்மைக் காப்பாற்றின என்று வெர்மிலியன் நகரப் பயிற்சிக்கூடத் தலைவர் லெப்டினன்ட் சர்ஜ் சொல்லும் ஒற்றை வரியிலிருந்து பிறந்த போர் ஊகத்தை நான் பாதி ஏற்கிறேன். ஒரு போர் நடந்தது என்பது வரை விளையாட்டின் சொல். ஊர்களில் தந்தையர் குறைவாகத் தென்படுவதை அதனோடு இணைப்பது ரசிகர்களின் சேர்க்கை. அடுத்த தலைமுறைப் பதிப்புகளில் சில்வர் மலையில் மௌனமாக நிற்கும், முதல் விளையாட்டின் நாயகனான ரெட் இறந்துவிட்டவன் என்ற ஊகமோ, 2016-இல் வந்த சன், மூன் பதிப்புகளில் அவன் வளர்ந்த இளைஞனாக வந்து நிற்பதோடு முடிந்துவிட்டது. எக்ஸ், ஒய் பதிப்புகளில் வரும் லுமியோஸ் நகரக் கட்டடம் ஒன்றில் விளக்குகள் மினுங்க, நீ அவர் இல்லை என்று சொல்லி மறையும் பெண்ணின் புதிர் மட்டும் எந்த ஊகத்துக்கும் பிடிகொடுக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஃபயர்ரெட் அல்லது லீஃப்கிரீன் பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். ஃபூஜி, நாட்குறிப்புகள், சர்ஜின் வசனம், சரக்கு வண்டி எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. முதல் முறை எந்த ஊகத்தையும் படிக்காமல் ஆடுங்கள், இரண்டாம் முறை படித்துவிட்டு ஆடுங்கள். பிறகு டயமண்ட் அல்லது பேர்ல் பதிப்பை எடுத்துக்கொண்டு, மனிதரும் போகிமானும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட காலம் ஒன்று இருந்தது என்று சொல்லும் கானலேவ் நகர நூலகத்தின் பழங்கதைகளை நிதானமாகப் படியுங்கள். 2010-இன் பிளாக் பதிப்பில் யமாஸ்க் என்னும் ஆவிப் போகிமான் ஏந்தியிருக்கும் முகமூடி அது மனிதனாக இருந்தபோதைய முகம் என்று போகிடெக்ஸ் கூறுவது, அந்தக் கதைகளுக்குப் பிறகு படித்தால் இன்னும் ஆழமாகப் பதியும்.