16 எம்எம் ரீல் வாங்குகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன கதை

மும்பையில் பழைய படச்சுருள் சேர்க்கும் நம்ம ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காகவே அவசரமாக எழுதுகிறேன். பழைய சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் மூன்று ரீல் வாங்கி 38,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: 1910 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் ரெனோ நகரில் ஜாக் ஜான்சனும் ஜிம் ஜெஃப்ரிஸும் மோதிய குத்துச்சண்டை, அமெரிக்காவின் ‘பிக் பாய்’ நீராவி எஞ்சின் ஓடும் படம், 1940களில் காசு போட்டால் பாட்டுப் படம் காட்டிய பானோரம் பெட்டிக்கான மூன்று நிமிட ‘சவுண்டீஸ்’ ஒன்று. எனக்குக் குத்துச்சண்டை மேல்தான் ஆசை. கறுப்பரான ஜான்சன் வெள்ளையரான ஜெஃப்ரிஸை 15ஆவது சுற்றில் வீழ்த்தியதைத் திரையில் யாரும் பார்க்கக் கூடாது என்று பல ஊர்களில் தடை போட்டார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1940 வரை அந்தத் தடை இருந்தது. அந்தப் படம் மாட்டுங்காவில் என் வீட்டுச் சுவரில் ஓடும் என்றால் யார் விடுவார்?

விற்றவர் போனில் தமிழிலேயே பேசினார். “நாங்களும் திருநெல்வேலிப் பக்கந்தான் அண்ணாச்சி, தாராவியில பொறந்து வளந்தவன்” என்றார். அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. “இது 1910லயே போட்ட ஒரிஜினலா?” என்று வேண்டுமென்றே கேட்டேன். “இல்ல அண்ணாச்சி, 16 எம்எம்மே 1923லதான வந்துச்சு. 35 எம்எம் ஃபிலிம்லருந்து சின்னதாக்கி அப்புறமா போட்ட பிரிண்ட்டு. பொய் சொல்லி விக்க மாட்டேன்.” சோர் பஜாரில் எதைத் தொட்டாலும் நூறு வருஷப் பழசு என்று அடித்துவிடுகிறவர்களையே பார்த்துப் பழகியவன் நான். அந்த ஒரு பதிலில் நம்பிக்கை வந்துவிட்டது. வீடியோ காலில் ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஜான்சனின் மொட்டைத் தலை பளிச்சென்று தெரிந்தது. தளத்தின் வழியாகவே 38,500 ரூபாயைக் கட்டினேன்.

பார்சல் வந்ததும் ஜான்சனைத்தான் முதலில் புரொஜக்டரில் மாட்டினேன். கூட்டம், மேடை, இருவரும் உள்ளே வருகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, டொக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் வயலில் ஒருவர் யூரியா தூவிக்கொண்டிருக்கிறார்! இந்தியில் விளக்கம் வேறு. நிறுத்திவிட்டு ஃபிலிமை விரலால் தடவினேன். ஒட்டு நாடா புத்தம் புதுசு, ஓரத்தில் பசை பிசுபிசுத்தது. ஒட்டு வரைக்கும் இரண்டு ஓரத்திலும் துளை, மௌனப் படத்துக்கு அப்படி இருக்கலாம். ஒட்டுக்கு அப்புறம் ஒரு ஓரத்தில்தான் துளை, மறு ஓரத்தில் ஒலித்தடம். டப்பா நிறைய உரப் பிரச்சாரம், மேல் சுற்றில் மட்டும் ஜான்சன்.

ரயில் ரீலைத் திறந்ததும் வினிகர் நெடி முகத்தில் அடித்தது. அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வரும் வாடை அது. சுருங்கி நெளிந்துபோய், துளைகள் பல்சக்கரத்தில் உட்காரவே இல்லை. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் கெடுக்கும் என்பதால் பால்கனியில் தள்ளி வைத்திருக்கிறேன். சவுண்டீஸும் சொன்னது இல்லை. பானோரம் பெட்டிக்குள் படம் கண்ணாடியில் பட்டுத்தான் திரைக்குப் போகும், அதனால் அசல் பிரதியில் எழுத்து இடவலம் மாறியிருக்கும். இதில் நேராக இருக்கிறது, பின்னால் போட்ட பிரதி. பாட்டு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

போன் போட்டேன். “உங்க புரொஜக்டர்ல கோளாறு இருக்கும் அண்ணாச்சி.” புரொஜக்டர் கோளாறானால் ஜெஃப்ரிஸ் யூரியா தூவுவாரா? அடுத்த முறை, “பழைய சாமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும்.” அப்புறம், “ஒரு கல்யாணத்துல இருக்கேன், கூப்பிடுதேன்.” இப்போது நீல டிக்கோடு சரி.

தளத்தில் புகார் கொடுத்து, ஒட்டுப்போட்ட இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். மூன்று ரீல் என்று விளம்பரத்தில் இருக்கிறது, மூன்று ரீல் வந்திருக்கிறது என்று பதில். உள்ளே என்ன படம் என்பது அவர்கள் பார்க்கும் விஷயம் இல்லையாம், பழம்பொருளுக்கு ரிட்டர்னும் கிடையாதாம். மறுபடி எழுதினால், “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?” 38,500 ரூபாயை விட்டவனிடம் ஸ்டார் கேட்கிறார்கள்!

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ரீலின் ஆரம்பத்தை மட்டும் காட்டினால் வாங்காதீர்கள், நடுவிலும் வாலிலும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கோடாக்கின் வட்டம், சதுரம், முக்கோணக் குறி இருக்கிறதா என்று கேளுங்கள், ஃபிலிம் தயாரான வருஷத்தை அது சொல்லும். ஆனால் 20 வருஷத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும், அதை மட்டும் நம்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு உதவி எண் 1915. இரண்டிலும் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

அந்த விளம்பரம் இன்று காலை மறுபடி ஏறியிருக்கிறது. அதே போட்டோ, விலை மட்டும் 42,000. போட்டோவில் இருக்கும் ரீல் என் அலமாரியில் கிடக்கிறது. யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.